ஜிப்ஸியின் ஹெட்டில் மரை போய்விட்டால்

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி கிங் இருக்கிறது. குன்னூரில் தோட்ட வேலைகளுக்கு ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்ததால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சின் புகையை வெளியேற்றும் வார்ப்புக் குழாய்) கேஸ்கட்டை மாற்றலாம் என்று கழற்றினோம். நான்காவது சிலிண்டர் பக்கத்துக் கடைசி ஸ்டட்டில் (ஹெட்டில் திருகி நிற்கும், தலையில்லாத மரைக் கம்பி) நட் அசையாமல், ஸ்டட்டே சேர்ந்து வந்துவிட்டது. புது ஸ்டட் போட்டால் பிடிமானம் இல்லாமல் சுற்றுகிறது. ஒரு மெக்கானிக் 10 மி.மீ. போல்ட்டாகப் பெரிதாக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஹெட்டையே, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியையே, மாற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் கேட்க வேண்டாம். உங்கள் ஹெட் நல்ல ஹெட். அந்த ஒரு துளைக்கு மட்டும் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாகப் பொருத்தும் கம்பிச் சுருள், போட்டால் போதும்.

முதலில், கழன்று வந்த ஸ்டட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் மரைப் பள்ளங்களில் வெள்ளை நிறத்தில் மெல்லிய சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால், ஹெட்டின் மரை முழுதாக உரிந்து வந்திருக்கிறது என்று பொருள். ஸ்டட் சுத்தமாக இருந்தால் துளையில் கரியும் துருவும் அடைத்திருக்கலாம். அப்போது துளையைச் சுத்தம் செய்து, மரையைத் துடைக்கும் சேஸரை விரலாலேயே திருகிப் பாருங்கள். மரை வெட்டும் கருவியான சாதாரண டேப்பை விட்டால், இருக்கிற கொஞ்ச உலோகத்தையும் அது சீவிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது.

ஜிப்ஸி கிங்கின் 1298 சி.சி. எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியக் கலவை. 1985இல் வந்த முதல் ஜிப்ஸியின் 970 சி.சி. எஞ்சினிலும் ஹெட் அலுமினியம்தான். சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஹெட் ஓர் அளவில் விரிய, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வேறோர் அளவில் விரிய, அந்த இழுபறியை அதிகம் தாங்குவது இரு ஓரத்து ஸ்டட்கள். அதோடு மலைப்பகுதியின் ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடம் அரித்துப் பிடித்துக்கொள்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய எஞ்சினில் கடைசி ஸ்டட் கையோடு வந்ததில் யாருடைய தவறும் இல்லை.

10 மி.மீ. ஆக்கும் யோசனையை நான் ஏன் எதிர்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். சாதாரண 10 மி.மீ. மரைக்கு 8.5 மி.மீ. துளை போடுவார்கள். உங்கள் ஸ்டட்டின் அளவான 8 மி.மீ. ஹெலிகாயிலுக்குத் துளை 8.3 முதல் 8.4 மி.மீ. வரை. இரண்டிலும் ஹெட்டிலிருந்து போகும் உலோகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெரிய போல்ட் போட்டால் மேனிஃபோல்டின் துளையையும் கேஸ்கட்டின் துளையையும் குடைய வேண்டும். ஸ்பேனர் நுழைய இடம் இருக்காது. இரும்பு மறுபடியும் அலுமினியத்தின் மேல்தான் உரசும், அந்த மரையும் ஒரு நாள் போனால் அதற்குமேல் குடைய அங்கே சதை இருக்காது. ஹெலிகாயில் என்பது வைர வடிவக் குறுக்குவெட்டு கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள். வெளிப்பக்கம் பெரிய மரையாக அலுமினியத்தைப் பிடிக்கும், உள்பக்கம் பழைய 8 மி.மீ. மரையாகவே இருக்கும். பிடிக்கும் பரப்பு கூடுவதால் பழைய மரையைவிடப் பலம் அதிகம். இதை ஒட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். விமான எஞ்சின்களில் அலுமினியத் துளைகளுக்குப் புதிதாகச் செய்யும்போதே இந்தச் சுருளைப் பொருத்துகிறார்கள்.

கடையில் வாங்கும்போது 8 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 என்று கேளுங்கள். ஒரே 8 மி.மீ.யில் 1.0 பிட்ச்சும் உண்டு. ஆகவே பழைய ஸ்டட்டின் நல்ல பகுதியில் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். செட்டில் வரும் டேப் அந்தச் சுருளுக்கென்றே செய்தது. பட்டறையில் கிடக்கும் 8 மி.மீ. டேப்பும் 10 மி.மீ. டேப்பும் இதற்கு உதவாது. சுருளின் நீளம் அலுமினியத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், அதாவது 12 மி.மீ. துளை ஆழம் இடம் கொடுத்தால் 16 மி.மீ. இன்னும் நல்லது.

இனி வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன்: துளை நேராக இருக்க வேண்டும். ஹெலிகாயில் தோற்றுப்போன இடங்களில் பெரும்பாலும் சுருளில் குறை இருக்காது. கையில் டிரில்லைப் பிடித்துக் கண்ணளவில் குடைந்திருப்பார்கள். துளை இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலே ஸ்டட் மேனிஃபோல்டின் துளையில் இடிக்கும். நட் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். புது மரையும் அதே வழியில் போகும்.

உங்கள் வண்டியில் அந்தக் கடைசி ஸ்டட், எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலை ஒட்டியிருக்கிறது. சாதாரண டிரில் மெஷின் அங்கே நேராக நுழையாது. தலை சிறுத்த, செங்கோணமாகத் திரும்பிய டிரில் வேண்டும். அதோடு ஒரு வழிகாட்டித் தகடும் வேண்டும். புது கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். 12 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் கேஸ்கட்டை வைத்துக் குறித்து, பக்கத்து ஸ்டட்களுக்கான இரண்டு துளைகளையும், பழுதான ஸ்டட்டின் இடத்தில் டிரில் பிட் இறுக்கமாக நுழையும் ஒரு துளையையும் பெஞ்ச் டிரில்லில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேஸ்கட் பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்தத் தகட்டைப் பக்கத்து ஸ்டட்களில் நட் போட்டு இறுக்கினால், பிட் தானாகவே நேராக இறங்கும். இதற்கு ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். டிரில் எப்படியும் நேராக எட்டாது என்றால் ஹெட்டைக் கழற்றி பெஞ்ச் டிரில்லில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

பழைய துளையின் ஆழத்தை மெல்லிய கம்பியால் அளந்து, பிட்டில் தகட்டின் கனத்தையும் சேர்த்து ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். அதைத் தாண்டிக் குடைந்தால் தண்ணீர் ஓடும் பாதை திறந்துவிடக்கூடும். எக்ஸாஸ்ட் போர்ட்டில் துணி அடைத்துவிடுங்கள். பிட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். மரை வெட்டும்போது மண்ணெண்ணெய் சொட்டுங்கள். அலுமினியத்துக்கு அது அருமையாக ஒத்துழைக்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, அவ்வப்போது வெளியே எடுத்துத் துடைப்பது, மறுபடியும் உள்ளே. டேப் இறுகினால் வம்புக்குத் திருகாதீர்கள். உள்ளே ஒடிந்த டேப்பை எடுப்பது போன மரையைச் சரிசெய்வதைவிடப் பெரிய வேலை.

கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடித்துத் துளையைச் சுத்தம் செய்த பிறகு, சுருளை அதன் கருவியில் மாட்டி, அழுத்தாமல் திருகுங்கள். மேற்பரப்புக்குக் கால் சுற்று, அரைச் சுற்று கீழே போனதும் நிறுத்துங்கள். சுருளின் அடியில் இருக்கும் சிறு வால் துண்டை மெல்லிய இரும்புப் பஞ்ச் கருவியால் ஒரு தட்டு தட்டினால் ஒடியும். அதைக் கட்டாயம் வெளியே எடுங்கள். காந்தத்தை நம்பாமல், கிரீஸ் தடவிய குச்சியால் எடுங்கள்.

புது ஸ்டட்டின் மரையில் செம்பு கலந்த கிரீஸ் தடவி, துளையின் அடியில் முட்டி இறுகாதபடி கையால் திருகுங்கள். மேனிஃபோல்டை மாட்டுவதற்கு முன் அதன் முகத்தில் நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகத்தை மட்டம் செய்யாமல் மாட்ட வேண்டாம். வளைந்த மேனிஃபோல்டை ஸ்டட்டால் இழுத்து உட்கார வைப்பதால்தான் பல மரைகள் போகின்றன. நட்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம். கிரீஸ் தடவியிருப்பதால் 20ஐ ஒட்டியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற ஸ்டட்களில் அசையாதவை இருந்தால் வலுக்கட்டாயமாகக் கழற்றாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே ஊற்றி வையுங்கள். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்து, அதற்குப்பின் தளர்த்துங்கள். ஒடிந்தே போனால், மீதித் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு இருக்கும்போதே திருகுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

வண்டியைச் சில நாள் ஓட்டி, எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு நட்களை ஒருமுறை சரிபாருங்கள். சத்தம் அதற்கும் அடங்கவில்லை என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேனிஃபோல்டைச் சுற்றிச் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி கேஸ்கட் ஓரத்தில் வராமல் வார்ப்பின் நடுவில் வந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. அப்போது மேனிஃபோல்டைத்தான் மாற்ற வேண்டும்.