பெயரை எடுத்தால் நெருப்பு

கேள்வி: யூத மரபில் ஆண், பெண் என்ற சொற்களுக்குள்ளேயே கடவுளின் பெயர் இருக்கிறதாமே, நிஜமா? எனக்குத் தை மாதம் கல்யாணம். எண் கணிதக்காரர் ஒருவர் என் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். அதுவும் இதுவும் ஒன்றுதானா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நிஜம்தான். யூதர்களின் வேதமொழியான எபிரேயத்தில் ஆண் 'ஈஷ்', பெண் 'இஷ்ஷா'. எழுதிப் பார்த்தால் அலெஃப், ஷீன் என்ற இரண்டு எழுத்துகளும் பொது, அவனிடம் கூடுதலாக ஒரு யோத், அவளிடம் ஒரு ஹே. இந்த இரண்டும் சேர்ந்தால் 'யா', கடவுளின் பெயர். நம்ம ஊர் சர்ச்சில் பாடுகிற அல்லேலூயாவின் வாலில் இருக்கிறதே, அதே 'யா'. அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது 'ஏஷ்', அதாவது நெருப்பு. தம்பதி தகுதியாக வாழ்ந்தால் நடுவில் இறைவன், இல்லையென்றால் நெருப்பு தின்றுவிடும் என்று ரபி (யூத மத குரு) அகிவா சொன்னதாக, யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் வருகிறது. எழுத்தைப் பிரித்துக் காட்டுவது 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி, குறளுக்குப் பரிமேலழகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இது வருகிற பகுதியின் பெயர் 'சோதா'. கணவன் சந்தேகப்பட்ட மனைவிக்கு அந்தக் காலத்தில் நடந்த சோதனையைப் பற்றியது. அழிக்கவே கூடாத இறைவன் பெயரை எழுதி, தண்ணீரில் கரைத்து, அவளைக் குடிக்க வைப்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் சமாதானம் வரட்டும் என்று கடவுளே தன் பெயரை அழிக்கச் சொன்னார் என்பது ரபிகளின் விளக்கம். அழகான விளக்கம்தான், ஆனால் குடித்தது அவள் மட்டும்தானே!

அப்புறம் கபாலா, அதாவது யூதர்களின் மறைஞான மரபு. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட சோஹர் நூலின் வழியில் வந்தவர்கள், யோத்-ஹே-வாவ்-ஹே என்ற நான்கெழுத்துப் பெயரையே ஒரு குடும்பமாகப் பார்த்தார்கள்: அப்பா, அம்மா, மாப்பிள்ளை, மணப்பெண்.

எண்ணும் உண்டு. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு. 'அன்பு' என்ற எபிரேயச் சொல்லின் கூட்டுத்தொகை 13, 'ஒன்று' என்பதற்கும் 13, சேர்த்தால் 26, அதுவே நான்கெழுத்துப் பெயரின் தொகை. ஆனால் இதெல்லாம் இருக்கிற சொல்லை உற்றுப் பார்க்கிற கணக்கு. உங்கள் ஆள் சொல்வது ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் அலைய வைக்கிற கணக்கு. வேண்டாம்.

ஒரே எழுத்துக்காக எங்கள் வீட்டிலும் பாடுபட்டோம். புதுச்சேரியில் அச்சடித்த என் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழியை விட்டுவிட்டார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து 300 பத்திரிகையிலும் நீல மைப் பேனாவால் 'உ' போட்டுக்கொண்டே அச்சகத்தைத் திட்டினார்.