வாணிப ஒப்பந்தப் பேச்சில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை?

அரசாங்கம் வெளிநாடுகளோடு வாணிப ஒப்பந்தம் பேசும்போது நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலைப் பக்கம் திரும்பும் முச்சந்தி ஒட்டுக்கடையிலும் இந்தக் கேள்வி எழுவதுண்டு. குலையின் விலை கடல் கடந்த சந்தையைப் பொறுத்தது என்பதால் அது வெறும் அரட்டையன்று.

மலேசியாவில் பேசுவதும் கையெழுத்திடுவதும் அரசாங்கத்தின் அதிகாரம். அதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவை என்று கூட்டரசு அரசியலமைப்பு சொல்லவில்லை. ஆனால், ஒப்பந்தத்துக்காக உள்நாட்டுச் சட்டம் எதையேனும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றமே நிறைவேற்ற வேண்டும். உண்மையான பிடி அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு நாடுகள் பேசி முடித்த பசிபிக் வட்டார ஒப்பந்தம் 2016 ஜனவரியில் சிறப்புக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, மக்களவையில் 127க்கு 84 என்ற வாக்கில் ஏற்கப்பட்டது. பேசி முடித்த வாசகத்தில் ஒரு வரியையும் மாற்ற இடமில்லாததால், என் பார்வையில் அது குழம்பை இறக்கிய பிறகு உப்புப் பார்த்த கதைதான்.

ஐரோப்பிய நாடாளுமன்றமோ பேச்சு நடக்கும்போதே தகவல் பெறும் உரிமை உடையது. போலிப்பொருள் தடுப்பு ஒப்பந்தத்தை 2012இல் 478 வாக்குகளால் நிராகரித்தும் காட்டியது. நம் உறுப்பினரும் பேச்சு முடியுமுன்பே, கேள்வி நேரத்தில், செம்பனை எண்ணெய்க்காக எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று அமைச்சரைக் கேட்கலாம்.