மகளைப் பொய் சொல்ல வைக்கலாமா?

கேள்வி: நான் நீதிமன்றத்தில் குமாஸ்தா. பல வருடம் உழைத்து எழுதிய சரித்திர நாடகத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். ஆறுதல் பரிசுகூட இல்லை. ஹங்கேரியின் நாடக ஆசிரியர் யோசெஃப் கடோனாவையும் செத்த பிறகுதான் கொண்டாடினார்களாம். நானும் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன், காலம் பார்த்துக்கொள்ளும். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. போன மாதம் பழைய நாடகக் குழு நண்பர் நாடகம் கேட்டு வந்தபோது, 'அப்பா வீட்டில் இல்லை' என்று மகளைச் சொல்லச் சொன்னேன். என் முடிவு சரிதானே?

பதில்: சரியில்லை. பரிசு கிடைக்காத வருத்தத்தோடு எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். அதைப் பேசப் போவதில்லை. போகிற போக்கில் எழுதினீர்களே, 'மகளைச் சொல்லச் சொன்னேன்' என்று, அதைக் கேட்கிறேன். நாடகம் வேண்டும் என்று படியேறி வந்தவரைத் துரத்தியிருக்கிறீர்கள், அதுவும் பெற்ற பெண்ணின் வாயால். நீங்கள் அறைக்குள் இருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் எப்படிச் சொல்லியிருப்பாள்? பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுக்கும் உரிமை எந்த அப்பனுக்கும் கிடையாது.

கடோனா கதையையும் பாதிதான் படித்திருக்கிறீர்கள். 1815இல் கோலோஷ்வார் நகரின் நாடகப் போட்டிக்காக 'பாங்க் பான்' நாடகத்தை எழுதினார். 1818இல் முடிவு வந்தபோது அவர் நாடகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நண்பர் பொல்டிஜார் பாரானி குறைகளை எழுதிக் கொடுத்தார், இவர் உட்கார்ந்து திருத்தி எழுதினார். வெளிநாட்டிலிருந்து வந்த ராணியைக் கொல்லும் கதை. மேடையேற்றத் தணிக்கை விடவில்லை, அச்சிட மட்டும் விட்டது. 1820இல் புத்தகமாகப் போட்டார். அப்புறம் சொந்த ஊரான கெச்கெமேத்தில் நகரத்தின் வழக்கறிஞராக வேலை பார்த்தார். 1830இல், 38 வயதில், நகர மன்றத்தின் முன்னால் மாரடைப்பு வந்து இறந்தார்.

மூன்று வருடம் கழித்து காஷ்ஷா நகரில் அதை முதன்முதலாக மேடையேற்றியவர் மிக்லோஷ் உத்வார்ஹெய், கடோனாவின் பழைய நாடக நண்பர். அவர் நடிகர்; அன்றைய வசூல் அவருக்கே போய்ச் சேரும் இரவு அது. அந்த இரவுக்கு அவர் எடுத்தது செத்துப்போன நண்பனின் நாடகத்தை! 1848 மார்ச் 15, பெஸ்ட் நகரில் புரட்சி வெடித்த அன்று, தேசிய நாடக அரங்கில் மக்களே கேட்டு இதைப் போட வைத்தார்கள்.

காலம் எங்கே பார்த்துக்கொண்டது? அச்சான புத்தகம் இருந்தது, அதைக் கையில் எடுக்க ஒரு நண்பர் இருந்தார். உங்கள் உத்வார்ஹெய் போன மாதம் உங்கள் வாசலுக்கே வந்து திரும்பிப் போயிருக்கிறார். நாளைக்கு உங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலையப் போவது உங்கள் மகள்தான். யாரிடம் போய் நிற்பாள்? தான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பிய அந்த மனிதரிடமா?

முதலில் மகளிடம், 'உன்னை அப்படிச் சொல்ல வைத்தது தப்பு' என்று சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே நாடகத்தை நகலெடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். வாசிக்கக் கொடுங்கள். 'நீளம் அதிகம், இந்தக் காட்சி வேண்டாம்' என்று அவர் சொன்னால், வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.