முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு நுரையீரல் ரத்தப் பரிசோதனை: 14,500 ரூபாயை எதில் போடுவது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. ஒன்பது வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்), அதற்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் எச்ஆர்சிடி ஸ்கேன் (நுரையீரலை நுணுக்கமாகப் படமெடுக்கும் சிடி ஸ்கேன்) எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இதற்கிடையே ஒரு லேபிலிருந்து, 'கேஎல்-6, எஸ்பி-டி என்று நுரையீரலுக்கான ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் 14,500 ரூபாய், ஸ்கேனே வேண்டாம்' என்கிறார்கள். என் அக்கா வீட்டுக்காரரோ, 'ஸ்கேனில் ஏதாவது வந்துவிட்டால் மருத்துவக் காப்பீட்டு பாலிசி கிடைக்காது, முதலில் பாலிசி போடு, நோயைப் பற்றி எதுவும் எழுதாதே' என்கிறார். என் கையில் இருப்பது 30,000 ரூபாய். அம்மா பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8 லட்சம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்கும் வாய்ப்பு இருந்தும், பிரீமியம் அதிகம் என்று விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?
- வாசகர், கோவை

பதில்: முதலில் ஸ்கேன். இந்த வாரமே எடுங்கள். பாலிசிக்காக அதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

முடக்குவாதம் மூட்டோடு நிற்கும் நோய் அல்ல. அது உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நுரையீரல் திசுவில் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. டாக்டர்கள் ஐஎல்டி என்று சொல்வது இதைத்தான். விழுந்த தழும்பை அழிக்க மருந்து கிடையாது. மேலும் பரவாமல் மெதுவாக்கத்தான் முடியும். ஆகவே இங்கே தாமதத்தால் போவது அம்மாவின் மூச்சு. பணக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ரத்தப் பரிசோதனை பொய்யானது அல்ல. கேஎல்-6 என்பது நுரையீரல் காற்றுப்பைகளின் உட்சுவர் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். சுவர் சேதமானால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். ஜப்பானில் 1999 முதலே அரசு காப்பீட்டில் இதற்கு இடம் உண்டு. அங்கே 500 யூனிட்டைத் தாண்டினால் கவனிக்கிறார்கள். முடக்குவாத நோயாளிகளிடம் எஸ்பி-டி, எம்எம்பி-7 போன்ற வேறு ரத்தப் புரதங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஐஎல்டி உள்ளவர்களுக்கு இவை சராசரியில் அதிகமாக இருப்பது உண்மை. ஆனால் 'சராசரியில்' என்பதில்தான் உங்கள் 14,500 ரூபாயின் சிக்கல் இருக்கிறது.

நோயின் ஆரம்பத்தில் அளவு இயல்பாகவே இருக்கலாம். அதை நம்பி நீங்கள் ஸ்கேனை விட்டுவிட்டால், காசு கொடுத்துப் பொய்யான நிம்மதி வாங்கியதாக ஆகும். மறுபக்கம், சில புற்றுநோய்களிலும் கேஎல்-6 கூடும். அளவு ஏறியிருந்தால் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு அலைய வேண்டும், முதலாவதாக இதே ஸ்கேனுக்குத்தான் அனுப்புவார்கள். பிறவி மரபணு வேறுபாட்டாலேயே சிலருக்கு அளவு இயல்பாகவே கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். எனவே ஜப்பானின் 500-ஐ அப்படியே நம் ஊர் அம்மாக்களுக்குப் பொருத்துவதும் சரியல்ல. முடிவு எப்படி வந்தாலும் ஸ்கேன் செலவு மிச்சமாகாது. மிச்சப்படுத்தாத ஒன்றை மிச்சம் என்று சொல்லி விற்பது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. மூச்சு வாங்கும் ஒருவரிடம் 'ஸ்கேன் வேண்டாம்' என்று சொல்ல லேப் விற்பனைப் பிரதிநிதிக்கு என்ன தகுதி?

அமெரிக்காவின் மூட்டு-வாத மருத்துவர் அமைப்பும் நெஞ்சக மருத்துவர் அமைப்பும் 2023-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், ஐஎல்டியைக் கண்டறிய முன்னிறுத்தியவை இரண்டு: எச்ஆர்சிடி ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும். சாதாரண எக்ஸ்ரே போதாது என்கிறது அது. உங்கள் 30,000 முதலில் போக வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். விலை இடத்துக்கு இடம் மாறும், நாலு இடம் விசாரியுங்கள். மூச்சுத்திறன் பரிசோதனையில் டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளப்பது) என்ற பகுதி உண்டா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மையத்திலும் அந்தக் கருவி இருக்காது. அது இல்லாமல் பாதிப் பரிசோதனை செய்துவிட்டு, பிறகு வேறு ஊருக்குப் போய் முழுக் காசையும் மறுபடி கட்டுகிறவர்கள் உண்டு.

ஐஎல்டி உறுதியானபின், 'போகப் போக ஒப்பிட ஒரு கேஎல்-6 எடுத்து வைப்போம்' என்று உங்கள் ருமட்டாலஜி (மூட்டு-வாத) டாக்டரே சொன்னால் எடுக்கலாம். அப்போதும் பேக்கேஜ் வேண்டாம், அவர் எழுதுவதை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுத்தால்தான் ஒப்பிடுவதற்கு அர்த்தம். இன்னொன்று: மெத்தோட்ரெக்சேட்டால்தான் இருமல் என்று யாராவது சொன்னால், அதை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது.

இனி பாலிசி. 'எதுவும் எழுதாதே' என்பது உங்கள் குடும்பத்தைப் பெரிய கடனில் தள்ளக்கூடிய யோசனை. ஒன்பது வருட மருந்துச் சீட்டு இருக்கிறது. ஸ்கேன் எடுக்கச் சொன்ன சீட்டில் தேதி இருக்கிறது. நாளை மூச்சுத்திணறலோடு அம்மாவைச் சேர்த்தால், கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே 'ஒன்பது ஆண்டுகளாக முடக்குவாதம்' என்று எழுதுவார்கள். கிளெய்மைப் பரிசீலிப்பவர் முதலில் படிப்பதும் அந்த வரியைத்தான். மறைத்தது தெரிந்தால் கிளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதியில், 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியபின் எதையும் சொல்லாமல் விட்டதாகக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

உண்மையை எழுதித் தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பித்தால், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். கொடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம் (2024 ஏப்ரலுக்கு முன் 48 ஆக இருந்தது). விண்ணப்பித்துப் பாருங்கள், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

உங்களுக்கான கதவு, நீங்கள் வேண்டாம் என்று விட்ட அந்தக் கம்பெனி பாலிசிதான். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. 62 வயதில், இந்த நோயோடு, வெளியே இதை விலைக்கு வாங்க முடியாது. அடுத்த புதுப்பித்தல் என்றைக்கு என்று எச்ஆரிடம் கேளுங்கள். பெற்றோருக்குக் காத்திருப்பு இல்லை என்பதையும், ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு எவ்வளவு, அறை வாடகை வரம்பு எவ்வளவு என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பிரீமியம் வலிக்கும். அக்காவிடம் பாதியைக் கேளுங்கள், அவருக்கும் அம்மாதானே.

பாலிசி வந்தாலும் ஸ்கேன், மூச்சுப் பரிசோதனை, தினசரி மாத்திரை எல்லாம் பெரும்பாலும் கைக்காசுதான். பரிசோதனைக்காக மட்டும் அட்மிஷன் போட்டுக் கிளெய்ம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாலிசிகளில் எழுதியே வைத்திருக்கும் விலக்கு. ஐஎல்டி இருந்தால், ரிடுக்சிமாப் போல மருத்துவமனையில் ஏற்றும் ஊசிக்குப் பாலிசியில் ஒரு வரம்புக்குள் பணம் கிடைக்கலாம். மைக்கோஃபினோலேட், நின்டெடானிப் போன்ற மாத்திரைகள் மாதாமாதம் வருடக்கணக்கில் போகும். நின்டெடானிப் நம் நாட்டிலேயே ஜெனரிக்காகக் கிடைக்கிறது. எழுதிக் கொடுத்தால் ஜெனரிக் விலையைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கான பணம் அம்மாவிடமே இருக்கிறது. அந்த 8 லட்சத்தை உடைக்காதீர்கள். இரண்டு வருடம் முடியும் முன் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம், அதாவது 12,000 ரூபாய் பிடிப்பார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் வருகிறது அல்லவா? அது வேறு செலவில் கரையாமல், அம்மாவின் வைத்தியத்துக்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போய் விழட்டும்.

நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் ஒரு சலுகை உண்டு. எந்தக் காப்பீடும் இல்லாத மூத்த குடிமகனின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை, 80டி என்று நாம் அறிந்த பிரிவில் கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது. எனவே ஸ்கேன் பில்லை யுபிஐயில் நீங்களே கட்டி, ரசீதை அம்மா பெயரில் வாங்கி வையுங்கள்.