முழுநேர வேலையோடு பிடித்த இன்னொரு தொழிலையும் செய்ய முடியுமா? வேலையை விட்டுவிட்டு அதையே செய்தால் என்ன?

கேள்வி கேட்டவர் கொழும்பு என்று போட்டிருக்கிறார். நானும் இங்கேதான், வெள்ளவத்தை. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

பகலில் கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்குப் பகுதி. இரவிலும் சனி, ஞாயிறிலும் பரதநாட்டிய உடுப்புத் தைக்கிறேன். ஒன்பது வருடமாகிறது. அக்காவின் மகளுக்கு வாங்கிய உடுப்பு பொருந்தாமல் போக, அதைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்ததுதான் தொடக்கம். அம்மம்மாவின் கால்மெசின் வீட்டில் சும்மா கிடந்தது.

நாட்டிய உடுப்பைச் சாதாரணச் சட்டை மாதிரி அளந்தால் போச்சு. பிள்ளையை அரைமண்டியில், அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரியும்போது முன்னால் இருக்கிற விசிறி, அந்த மடிப்புத் துணி, திறக்கும். அந்த அகலத்துக்குத்தான் மடிப்பு எடுக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. நின்றபடி அளந்து அழகாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் பிள்ளை அரைமண்டிக்குப் போனதும் தொடைப்பக்கத் தையல் சர்ரென்று விட்டது. டீச்சர் ஏசவில்லை. என்னைப் பார்த்து, “இருங்கோ பாப்பம்” என்றார். நான் கதிரையைத் தேடினேன். “அப்பிடியில்லை, அரைமண்டியில.” இருபது பிள்ளைகளுக்கு முன்னால், கந்தோர்ச் சாறியோடு, முழங்காலை மடித்து நின்றேன். அளவு நாடாவை எங்கே பிடிக்க வேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது.

இன்னொரு கஷ்டம், நல்ல பட்டுச்சாறியில் கத்தரியை வைப்பது. கரை விசிறிக்கு, தலைப்பு மேலாக்குக்கு, மிச்சம் சட்டைக்கும் கால்சட்டைக்கும் என்று தாளில் கீறி வைத்துக்கொண்டுதான் வெட்டுவேன். ஜரிகைக் கரை ஓர் அங்குலம் தப்பினால் ஒட்டுப் போட முடியாது. வெட்டுகிற இரவில் வீட்டில் யாரும் என்னோடு கதைப்பதில்லை. லைனிங் துணி, கொக்கி, ஜரிகை எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் நடந்துபோய் வாங்கிவிடுவேன். கந்தோர் கோட்டையில் இருப்பதன் உண்மையான இலாபம் இதுதான் என்று சில நாள் நினைப்பதுண்டு.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் ஆட்டம் கண்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இந்தியாவிலிருந்து வருகிற துணியின் விலையைக் கேட்கவே பயம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டர் மெசின் மேசையில் பேசாமல் இருந்தது, அம்மம்மாவின் சிங்கர்தான் ஓடியது. டோர்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு தைத்தேன். என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் பின்னேரம் ஓட்டோ ஓடுகிறவர். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர்தான். “அக்கா, உங்கட மெசினுக்குப் பெற்றோல் தேவையில்லைத்தானே” என்று பெருமூச்சு விடுவார். அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதும் அந்த வருடம்தான். கீழ்வீட்டு அன்ரி நாலாம் மாடிப் பல்கனிச் சட்டிகளில் வல்லாரை வளர்த்தார், ஒரு சம்பலுக்குக் காணும்.

கொழும்பில் இப்படி இரண்டாவது வேலை இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும். கேக் அடிக்கிறார்கள், ரியூசன் கொடுக்கிறார்கள். எங்கள் பிரிவில் ஒரு சிங்கள அண்ணன் ஞாயிறு விடிய பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போய்விடுவார். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அதில் அவருக்கு ஒரு சதம் வருவதில்லை. அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஏனென்றால் காசு வாங்கத் தொடங்கியதும் விலை சொல்ல வேண்டும். கணக்குப் படித்த எனக்கே அது வரவில்லை. முதல் மூன்று வருடம் துணிக்காசும் நூல்காசும் மட்டும் கூட்டிச் சொன்னேன், என் இரவுகளைக் கூட்டவில்லை. “வீட்டிலதானே தைக்கிறீர்” என்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் மூன்று உடுப்பு எடுத்துக்கொண்டு போய், பிறகு மாம்பழம் அனுப்பினார். நல்ல மாம்பழம்தான். இப்போது பாதிக் காசு கையில் வராமல் கத்தரி எடுப்பதில்லை.

நீங்களும் தொடங்குவதென்றால் முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். வெளிவேலைக்கு எழுத்தில் அனுமதி கேட்கிற கம்பெனிகள் உண்டு. அப்புறம் வரி. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரியில்லை, ஆனால் அது சம்பளத்தையும் பக்க வருமானத்தையும் கூட்டிப் பார்க்கிற கணக்கு. சம்பளத்தில் கம்பெனி கழித்துவிட்டது, மற்றதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று இருக்க வேண்டாம்.

சரி, வேலையை விடலாமா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, விடமாட்டேன். ஜூலை, ஆகஸ்டில் கனடா, லண்டன் சொந்தங்கள் லீவுக்கு வருகிற காலம் பார்த்து அரங்கேற்றங்கள் குவியும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சரஸ்வதி மண்டபம் எல்லாம் நிறைந்திருக்கும். ஓர் அரங்கேற்றத்துக்கு மூன்று, நான்கு உடுப்பு. மார்கழியில் கை சும்மா இருக்கும். இதை மட்டும் நம்பியிருந்தால் வருகிற எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டிவரும், அவசரத்தில் நின்றபடி அளக்கவும் தொடங்கிவிடுவேன். 25ஆம் திகதி சம்பளம் வருவதால்தான் “முடியாது” என்று சொல்ல வாய் வருகிறது.

போன கிழமை ஓர் அம்மா வந்தார். பத்து நாளில் நான்கு உடுப்பு, இரட்டிப்புக் காசு. பிள்ளை லண்டனில், அளவு வட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளை நேராக நின்றுகொண்டிருந்தாள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினேன்.