டிவிடி டிரைவ் இல்லாமல் லினக்ஸ்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். கணினி பழசு, 2 ஜிபி ராம், டிவிடி டிரைவ் போய்விட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம் என்று அதன் ஐஎஸ்ஓ கோப்பை பென்டிரைவில் காப்பி செய்து போட்டேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை. புது டிரைவ் வாங்கணுமா?

வேண்டாம். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் நகல். அதைச் சாதாரணக் கோப்பு போலக் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து துவங்காது. பூட் ஆகும்படி எழுதித் தர ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நான் வென்டாய் என்ற இன்னொரு மென்பொருளைத்தான் சொல்வேன். பென்டிரைவில் அதை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு நீங்கள் செய்த மாதிரியே ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தால் போதும். இரண்டு மூன்று லினக்ஸை ஒன்றாகப் போட்டு, மெனுவில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எதைப் பயன்படுத்தினாலும் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

அப்புறம், கணினியை ஆன் செய்தவுடன், எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. திரை வந்ததும் நிறுவ அவசரப்பட வேண்டாம். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் முறையிலேயே வைஃபை, ஒலி, பில் பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கும் தேர்வு ஒன்று வரும். அதைக் கொடுத்தால் பட்டறைக் கணக்கும் வீட்டுப் படங்களும் சேர்ந்து போய்விடும். முதலில் வெளி வட்டில் நகல் எடுங்கள். அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அந்தத் திரைக்குப் போங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகம். எங்கள் கணினியின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) உள்ள பூட் பட்டியலில் யூஎஸ்பியே இல்லை. இணையமும் மெதுவாகத்தான் வரும். வழி உண்டா, ஐயா?

உண்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கீழே சேலத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். யூஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கணினியில் மாட்டி, அங்கேயே லினக்ஸை நிறுவித் திரும்ப எடுத்துப் போய்ப் பொருத்தலாம். லினக்ஸ் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வன்பொருளைப் புதிதாகக் கண்டறிவதால், இடம் மாறினாலும் பெரும்பாலும் சிக்கல் வராது. வட்டின் இணைப்பு வகை சாட்டாவா, பழைய ஐடிஇயா என்று பார்த்து, அதற்கேற்ற அடாப்டர் வாங்குங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. நிறுவும் கணினியை யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் அல்லாமல் லெகசி என்ற பழைய முறையில் துவக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய பயாஸில் அந்த வட்டு பூட் ஆகாது. அந்தக் கணினியின் சொந்த வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். லினக்ஸைத் துவக்கி வைக்கும் கிரப் பூட்லோடர் தவறான வட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், உதவி செய்தவரின் கணினிதான் மாட்டிக்கொள்ளும்.

வட்டைக் கழற்ற மனமில்லை, விண்டோஸும் இன்னும் ஓடுகிறது என்றால் பப்பி என்ற சிறிய லினக்ஸ் இருக்கிறது. ஐஎஸ்ஓவுக்குள் உள்ள சில கோப்புகளை வட்டில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கிரப்ஃபார்டாஸ் என்ற பூட்லோடர் மூலம் துவக்கப் பட்டியலில் சேர்த்தால் போதும். வட்டைத் தனித்தனிப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கவே தேவையில்லை.

ஓமலூரில் படிக்கிறேன். அண்ணனின் பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் நல்லது?

பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்பதை முதலில் பாருங்கள், தம்பி. லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் 19.04 பதிப்பிலிருந்தே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13 லினக்ஸிலும் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. 32 பிட் என்றால் டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸைப் போடுங்கள். 64 பிட், 2 ஜிபி ராம் என்றால் லுபுண்டு சரிப்படும். ஆனால் எந்த லினக்ஸ் போட்டாலும் ராமைத் தின்பது பிரவுசர்தான். டேப்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ராம் கூட்ட முடிந்தால் அதற்குச் செலவழிப்பது வீண்போகாது.

அம்மாபேட்டையில் ஜவுளிக் கடை. லினக்ஸில் டாலி கணக்கு மென்பொருள் ஓடுமா?

டாலி விண்டோஸுக்கானது. கணக்கு முழுக்க அதில்தான் என்றால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். சும்மா கிடக்கும் வேறொன்றில் லினக்ஸைப் பழகுங்கள்.

ஆத்தூரிலிருந்து: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

தாராளமாக. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள், அதனுடன் எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, உள்ளீட்டுப் பட்டியலில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும்.