வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளமும் ஸ்பாவும் கட்ட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து நிலத்தில் எழுந்த தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஓரத்து வீடு வாங்கியிருக்கிறீர்கள், பின்னால் 40க்கு 30 அடி காலி இடம் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளமும் வயதான பெற்றோருக்கு வெந்நீர் ஸ்பாவும் கட்ட ஆசை, அளவை முதலில் முடிவு செய்வதா டைலைப் பார்ப்பதா என்று.

மண்ணைப் பாருங்கள். டைல் கடைசி.

ஈப்போவில் நீச்சல் குளம் கட்டும் குழுவில் 14 வருடம் மேற்பார்வை வேலை செய்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் நிலம் மாதிரியே ஒரு நிலத்தில், அக்கா வீட்டுக்குப் பின்னால், எங்கள் அம்மாவுக்காக ஒன்று கட்டினோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கா வீட்டில் அளவு எடுக்கப் போன அன்று அத்தான் கயிறு கட்டி முளை அடித்துக் கொண்டிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அங்க என்னடா குளம் தோண்டுறது, அது முன்னாடியே குளம்தான். பெரட்டு முடிஞ்சு ரப்பர் மரம் சீவப் போற வழியில அந்தப் பள்ளத்துலதான் நாங்க கங்கோங் பறிப்போம்" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. கங்கோங் தண்ணீரில் வளரும் கீரை, அது தானாக வளர்ந்த இடம் என்றால் தண்ணீர் மேலேயே நிற்கும் இடம். தாமான் கட்டும்போது பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி விடுகிறார்கள், மேலே பார்த்தால் புல்தரை, அடியில் பழைய பள்ளம் அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டைச் சுற்றி அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் போய், உங்கள் மனை இருக்கும் இடம் அந்தக் காலத்தில் மேடா பள்ளமா, ஓடை போனதா என்று கேளுங்கள். எந்தப் பிளானிலும் அது இருக்காது.

அப்புறம் ஒரு சோதனைக் குழி. ஏழு அடி ஆழத்துக்கு ஒன்று, அக்டோபர் நவம்பர் மழையில் தோண்டுவது நல்லது, வெயில் காலத்தில் தோண்டினால் மண் உங்களை ஏமாற்றிவிடும். ஓரம் சரியாமல் அகலமாக வெட்டச் சொல்லுங்கள், ஆளை உள்ளே இறக்காதீர்கள், பலகை போட்டு மூடி இரண்டு நாள் விட்டுவிட்டு தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அதோடு பொறியாளரிடம் சொல்லி மெக்கிந்தோஷ் புரோப் போடச் சொல்லுங்கள், கம்பியை எடைக்கட்டியால் அடித்து இறக்கி மண் எங்கே கெட்டி, எங்கே பஞ்சு என்று பார்க்கும் சோதனை, இங்கே எல்லோரும் செய்வதுதான். கொட்டிய மண்ணில் பாதியும் பழைய மண்ணில் பாதியுமாகக் குளம் உட்கார்ந்தால் கொட்டிய பக்கம் இறங்கும், நடுவில் விரிசல் விடும். ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்கில் பெரும்பாலும் அடியில் சுண்ணாம்புக்கல், அதில் பொந்துகள் இருக்கும், தரை திடீரென்று உள்வாங்கிய இடங்களும் உண்டு. உங்கள் மனையின் அடியிலும் அந்தக் கல் இருக்கிறதா என்பதை அதே பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் மட்டத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், பேராக்கில் ஒரு வீட்டில் நான் கண்ணால் பார்த்தது. தீபாவளிக்கு முன்னால் பாசியைத் தேய்த்துக் கழுவலாம் என்று குளத்தை முழுக்கக் காலி செய்திருக்கிறார்கள். இரவெல்லாம் மழை. காலையில் ஆழமான பக்கம் அரை அடிக்கு மேல் தூக்கிக் கொண்டு நிற்கிறது, குழாய்கள் எல்லாம் ஒடிந்து, சுற்றுத் தளம் பிளந்து. எங்களைச் சரி செய்யக் கூப்பிட்டார்கள். உடைத்து எடுப்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை, ஓய்வு பெற்ற பணத்தில் கட்டியது.

கணக்கு எளிதுதான். உள்ளளவு 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் என்று வையுங்கள், சுவரும் அடித்தளமும் 20 சென்டிமீட்டர் கான்கிரீட். அந்தக் காலித் தொட்டியின் எடை ஏறத்தாழ 27 டன். நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறிவிட்டால் அது கீழிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 43 டன். தொட்டி படகாகிவிடும். உள்ளே தண்ணீர் நிரம்பி இருக்கும்போது அந்த 32 டன் தண்ணீர் அமுக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, காலி செய்த அன்றைக்கு எழும்புகிறது.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் மட்டும்தான். அடியில் ஓர் அரை அடி ஜல்லிப் படுகை, அதற்குள் ஓட்டை போட்ட குழாய், அந்தக் குழாய் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நிற்குழாயில் வந்து சேர வேண்டும், மேலே மூடி. எப்போதாவது குளத்தைக் காலி செய்ய வேண்டி வந்தால் முதலில் அந்த நிற்குழாயில் பம்பு இறக்கி வெளித் தண்ணீரை இறைத்துக் குறைத்த பிறகுதான் உள்தண்ணீரைத் தொடுவது. அடி வடிகாலில் நீரழுத்த வால்வு ஒன்றும் வையுங்கள், வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்து நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும், தண்ணீர் அழுக்காகும், ஆனால் தொட்டி பிழைக்கும். மொத்தச் செலவில் இது சின்னப் பங்கு. விலைப்பட்டியல் கொடுப்பவர் இந்த இரண்டையும் எழுதவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்து நிலப் பயன்பாடு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், கட்டடம் என்று இருக்க வேண்டும், விவசாயம் என்று இருந்தால் முதலில் நில அலுவலகம். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன்படி பிளான் ஊராட்சி மன்றத்துக்குப் போக வேண்டும், பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்தோடு. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். செப்டிக் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து விலகிப் போங்கள், வடிகட்டியைக் கழுவும் தண்ணீரையும் அதற்குள் விடக்கூடாது, குளோரின் அங்கே வேலை செய்யும் கிருமிகளைக் கொன்றுவிடும்.

இனி ஸ்பா. உங்கள் கேள்வியில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், பெற்றோருக்காக என்று எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். விடியுமுன்னே இருட்டில் மேடு பள்ளம் ஏறி இறங்கி, காண்டா என்ற தோள்கம்பில் ரப்பர் பால் வாளி சுமந்து, இப்போது இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. அதனால் அவருக்கான தொட்டியைப் படத்தைப் பார்த்து வரையவில்லை. வீட்டில் இருந்த முக்காலிகளை ஒவ்வொன்றாகப் போட்டு உட்கார வைத்து, எதிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கிறார் என்று பார்த்தோம். 45 சென்டிமீட்டர் உயரத்தில்தான் கையூன்றாமல் எழுந்தார். இருக்கை அந்த அளவு. உட்கார்ந்தால் தண்ணீர் நெஞ்சு வரை, கழுத்து வரை வேண்டாம், மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வழக்கமாகப் போடுகிற படி உயரத்தைக் குறைத்து 15 சென்டிமீட்டராக்கி ஒரு படி கூட்டினோம், படி விளிம்பில் கறுப்பு டைல், இறங்கும்போது வலது கைக்கும் ஏறும்போது அதே கைக்கும் கம்பி கிடைக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் கைப்பிடி. தண்ணீர் பீச்சும் ஜெட் துளைகளை முழங்காலுக்கு நேராக ஒன்று, இடுப்புக்கு நேராக ஒன்று என்று அவர் உட்கார்ந்த நிலையில் சுண்ணாம்பால் குறித்தேன். உங்கள் பெற்றோரை இப்படி உட்கார வைத்து அளவெடுங்கள், அரை நாள் வேலை, பத்து வருடத்துக்கு உதவும்.

வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. அம்மாவுக்கு 37, 38 போதும், 15 நிமிடம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், வெந்நீரில் அழுத்தம் இறங்கும், எழும்போது தலை சுற்றும், தனியாக விடவே கூடாது.

குளத்தை நம் ஊரில் சூடாக்கத் தேவையில்லை, ஸ்பாவை மட்டும்தான். 1,500 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 38க்குக் கொண்டுவர 17 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான வெப்பம் வேண்டும், 3 கிலோவாட் சாதாரண ஹீட்டரில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஹீட் பம்பு காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால் அதே வேலையை நான்கைந்து யூனிட் மின்சாரத்தில் முடிக்கும், நம் காற்று எப்போதும் சூடாக இருப்பதால் அதற்கு இது நல்ல ஊர். மூடி கட்டாயம், இல்லையென்றால் ஏற்றிய சூடெல்லாம் ஆவியாகப் போகும். ஸ்பாவை உயர்த்திக் கட்டி குளத்துக்குள் தண்ணீர் வழியவிடும் வடிவம் அழகுதான், அத்தானும் அதைத்தான் கேட்டார். ஆனால் வழியும்போதெல்லாம் சூடும் வழிந்து போகும், பம்பு நின்றதும் குழாய் வழியாக ஸ்பா காலியாகாமல் இருக்க ஒருவழி வால்வு வேண்டும். நாங்கள் தனித் தொட்டி, தனிப் பம்பு, தனி வடிகட்டி என்று பிரித்துவிட்டோம். வெந்நீரில் கிருமி சீக்கிரம் பெருகும், குளோரின் வேகமாகத் தீரும், குளத்தில் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு என்ற அளவு) போதுமென்றால் ஸ்பாவில் 3க்குக் குறையக்கூடாது. பிரித்து வைத்தால்தான் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க முடியும்.

குளத்துப் பம்பு: 32,000 லிட்டரும் ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வடிகட்டிக்குள் போய்வர வேண்டும், அதாவது மணிக்கு 5,300 லிட்டருக்கு மேல். 0.75 கிலோவாட் பம்பு எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 6 யூனிட், மாதம் 180. உங்கள் மின்கட்டணத்தில் வைத்து இப்போதே பெருக்கிப் பாருங்கள், கட்டி முடித்த பிறகு பம்பை நிறுத்தி மிச்சம் பிடிப்பவர்கள் குளத்தில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்கிறது. முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், சுகாதாரத் துறை வந்தால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் அபராதமும் உண்டு. உப்பு முறை போட்டால் குளோரினே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள், அது சரியில்லை, உப்பிலிருந்து அந்தக் கருவி குளோரினைத்தான் தயாரிக்கிறது. சாயங்கால மழைக்குச் சுற்றுத் தளத்தை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள், தளத்து மண் தண்ணீர் உள்ளே வரக்கூடாது.

பாதுகாப்பில் மட்டும் ஒரு சென்கூடக் குறைக்காதீர்கள். நாங்கள் சின்ன வயதில் நீந்தப் பழகியது, ஈயம் தோண்டி விட்ட பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஈயக் குட்டையில், எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அதிலிருந்து திரும்பி வரவில்லை. அதனால் 1.2 மீட்டர் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். தண்ணீரை இழுக்கும் வடிகால் ஒன்று மட்டும் இருந்தால் அதன்மேல் உட்காரும் பிள்ளையை அந்த இழுப்பு விடாது. அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002இல் ஒரு ஸ்பாவில் அப்படித்தான் இறந்தாள், 2007இல் அவள் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. இரண்டு வடிகால், ஒரு மீட்டராவது தள்ளி, குவிந்த மூடி போட்டு. மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஆள், 10 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், தண்ணீருக்குள் 12 வோல்ட் விளக்கு. இடி இடித்தால் எல்லோரும் வெளியே.

டைலைப் பற்றி நீங்கள் இரண்டு படம் போட்டிருந்தீர்கள். வெளிர் நிறத்தையே எடுங்கள், அடியில் யாராவது கிடந்தால் உடனே தெரியும்.

குழியைத் தோண்டி இரண்டு நாள் கழித்து தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நிற்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், கிராண்டில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து. ஜல்லிப் படுகையும் நிற்குழாயும் எங்கே வர வேண்டும் என்று நான் வரைந்து போடுகிறேன்.